குழந்தையின் தாடையையும் பாருங்கள்!

முழங்கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரியும்.

மணிக்கட்டு வீங்கினால் தெரியும். விரல் வீங்கினாலும் தெரியும்.

தாடை மூட்டு வீங்கினால்?

தெரியாது!

குழந்தைக்கே தெரியாது. பெற்ற தாய்க்கும் தெரியாது. சில நேரங்களில், கைதேர்ந்த டாக்டருக்குக்கூடத் தொட்டுப் பார்த்துத் தெரியாது. தெரிய வரும்போது முகம் கோணியிருக்கும்.

மூட்டு வாதம் உள்ள குழந்தைகளின் நிலைமை இதுதான். அதைப் பற்றிப் புதுவை மக்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

குழந்தைக்கு வாதமா?

"வாதம் என்பது கிழவர்களுக்கு வரும் வியாதி" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. குழந்தைக்கும் வாதம் வரும். நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட வரும்.

16 வயது நிறைவதற்கு முன் தொடங்கி, 6 வாரத்துக்குக் குறையாமல் மூட்டு வீக்கம் இருந்தால், வேறு காரணம் எதுவும் தெரியவில்லை என்றால், அதைக் குழந்தைகள் மூட்டு வாதம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 'ஜே.ஐ.ஏ.' என்பது அதன் சுருக்கப் பெயர். அதில் ஏழு வகை உண்டு.

இது புது வியாதி அல்ல. பிரெஞ்சு டாக்டர் தியாமான்பெர்ழே என்பவர், குழந்தைகளுக்கு வரும் வாதத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1891-ல் பாரிஸ் நகரில் அச்சாயிற்று. லண்டனில் ஸ்டில் என்ற டாக்டர், 1897-ல் 22 குழந்தைகளைப் பார்த்து எழுதினார். குழந்தைகளுக்கு வரும் வாதம் வேறு, பெரியவர்களுக்கு வரும் வாதம் வேறு என்று எடுத்துக் காட்டினார்.

இந்த வியாதி ஏன் வருகிறது? நம் உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. கிருமி உள்ளே வந்தால் அந்தப் படை எதிர்த்துச் சண்டை போடும். சில குழந்தைகளுக்கு அந்தப் படையே வழி தவறி, சொந்த மூட்டைத் தாக்குகிறது. மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு வீங்குகிறது. நீர் கோத்துக் கொள்கிறது. எலும்பு அரிக்கப்படுகிறது.

இது தொற்று வியாதி அல்ல. யார் சாபமும் அல்ல. குளிர்ந்த தண்ணீர் குடித்ததால் வந்தது அல்ல. தாயின் குற்றமும் அல்ல.

காதுக்கு முன்னால் விரல் வையுங்கள்

உங்கள் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வையுங்கள். வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்குக் கீழே ஏதோ அசைகிறது அல்லவா?

அதுதான் தாடை மூட்டு. இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று. பேசும்போதும், சாப்பிடும்போதும், கொட்டாவி விடும்போதும் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. மாட்டு வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் போல! ஒன்று நொண்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இந்த மூட்டுக்கு ஒரு தனித் தன்மை உண்டு. கீழ்த்தாடை வளருவதற்கு உதவும் முக்கியமான வளர்ச்சிப் பகுதி, இந்த மூட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. அதுவும் மேல் பரப்பிலேயே இருக்கிறது. ஒரு மெல்லிய மூடிதான் அதற்குக் காப்பு.

கால் எலும்பு, கை எலும்புகளில் அப்படி அல்ல. பெரும்பாலும் வளர்ச்சிப் பகுதி மூட்டிலிருந்து தள்ளி இருக்கும்.

ஆகவே, தாடை மூட்டில் வாதம் புகுந்தால் என்ன ஆகும்? வளர வேண்டிய இடமே பழுதாகி விடும்!

ஒரு பக்கம் பழுதானால், அந்தப் பக்கத் தாடை வளராது. மறு பக்கம் வளரும். மோவாய் ஒரு பக்கமாக ஒதுங்கும். இரண்டு பக்கமும் பழுதானால், மோவாய் சிறுத்துப் பின்னுக்குப் போகும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தாது. வாய் முழுவதும் திறக்காது. சில குழந்தைகளுக்கு மூச்சுப் பாதை குறுகி, தூக்கத்தில் மூச்சுத் திணறலும் வரலாம்.

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் பட்டப் பெயர் வைப்பார்கள். அந்தக் குழந்தை கூட்டத்தில் சிரிக்கவே கூசும். இந்தத் துன்பத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

வலிக்காத சேதம்

"வலித்தால் குழந்தை சொல்லாதா?" என்று கேட்பீர்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. பல குழந்தைகளுக்கு வலிப்பதே இல்லை!

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர்கள், 2008-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மூட்டு வாதம் என்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 32 குழந்தைகளுக்கு, தாடையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 75 குழந்தைகளுக்குத் தாடை மூட்டில் வாதத்தின் அடையாளம் தெரிந்தது. அப்படித் தெரிந்த குழந்தைகளில் நூற்றுக்கு 71 பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை!

வலி இருந்தாலும் சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. "காது வலிக்கிறது" என்று சொல்லும். காதில் சொட்டு மருந்து விடுவோம். பெரும்பாலும் குழந்தை எதையும் சொல்லாது. தானே ஒரு வழி கண்டுபிடித்துக் கொள்ளும். ஒரு பக்கமாக மெல்லும். முறுக்கை ஒதுக்கும். கடலை மிட்டாயைத் தம்பிக்குக் கொடுத்து விடும். நம் ஊர்ப் பிரெஞ்சு ரொட்டியில், மொறுமொறுப்பான மேல் பாகத்தைத் தள்ளி விட்டு, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பாகத்தை மட்டும் பிய்த்துத் தின்னும்.

வீட்டில் என்ன சொல்வார்கள்? "செல்லம் கொடுத்துக் கெடுத்து விட்டாய்" என்று மாமியார் மருமகளைக் கடிந்து கொள்வார். "ஒரு தோசை தின்ன ஒரு மணி நேரமா?" என்று தகப்பனார் அதட்டுவார்.

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பது பழமொழி. நொறுங்கத் தின்ன முடியாத குழந்தையைப் பார்த்து, அதைப் பிடிவாதம் என்று சொல்வது நியாயமா?

வாதம் உள்ள எல்லாக் குழந்தைகளும் மெதுவாகச் சாப்பிட மாட்டார்கள். மெதுவாகச் சாப்பிடும் எல்லாக் குழந்தைகளுக்கும் வாதம் இல்லை. ஆனால், வாதம் உள்ள குழந்தை மெதுவாகச் சாப்பிட்டால், அதைப் பிடிவாதம் என்று சொல்லித் தள்ளாதீர்கள்.

எக்ஸ்ரே போதாதா?

பல் டாக்டர் எடுக்கும் எக்ஸ்ரே ஒன்று உண்டு. வாய் முழுவதையும் ஒரே படமாகக் காட்டும். செலவு குறைவு. சீக்கிரம் முடிந்து விடும். அது எலும்பைக் காட்டும்.

ஆனால், சவ்வு வீங்கியதை அது காட்டாது. நீர் கோத்ததைக் காட்டாது. எலும்பு அரிக்கப்பட்ட பிறகுதான் அதில் தெரியும். வீடு எரிந்து முடிந்த பிறகு சாம்பலைப் படம் எடுப்பது போலத்தான்!

எலும்பை எல்லாப் பக்கமும் காட்டும் 'சி.டி.' படமும் உண்டு. பல் ஆஸ்பத்திரிகளில் 'கோன் பீம் சி.டி.' என்ற வகை இருக்கிறது. எலும்பு எவ்வளவு தேய்ந்தது, தாடை எவ்வளவு கோணியது என்று அளக்க அது நல்லது. ஆனால் அதுவும் எலும்பைத்தான் காட்டும். எக்ஸ்ரே கதிரும் உடம்பில் படும்.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் 'ஸ்கேன்' இருக்கிறதே, அதைத் தாடைக்கும் எடுக்கிறார்கள். கதிர் இல்லை, கஷ்டம் இல்லை. ஆனால் ஒலி அலை எலும்பைத் தாண்டிப் போகாது. மூட்டின் வெளி ஓரம் மட்டும் தெரியும். உள் பாகம் மறைந்து விடும்.

மிஞ்சுவது எம்.ஆர்.ஐ.

எம்.ஆர்.ஐ. என்ன செய்யும்?

அது ஒரு பெரிய காந்தம். குழாய் போல இருக்கும். குழந்தை உள்ளே படுக்க வேண்டும். எக்ஸ்ரே கதிர் கிடையாது. இந்த முறைக்கு அடிகோலிய லாட்டர்பர், மான்ஸ்பீல்டு என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் சாதாரணமாகப் படம் எடுப்பார்கள். பிறகு கை நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றி மறுபடியும் எடுப்பார்கள். மூட்டுச் சவ்வு வீங்கி இருந்தால் அந்த மருந்து அங்கே அதிகமாகச் சேரும். படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். நீர் கோத்திருப்பதும், எலும்பின் உள்ளே வீக்கம் இருப்பதும் தெரியும்.

எக்ஸ்ரே காட்டுவது, நடந்து முடிந்த சேதத்தை. எம்.ஆர்.ஐ. காட்டுவது, இப்போது நடந்து கொண்டிருக்கும் சேதத்தையும் சேர்த்து!

வாதம் உள்ள குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தாடை பாதிக்கப்படுகிறது? ஆராய்ச்சிகளில் நூற்றுக்கு 17 என்றும் இருக்கிறது, 87 என்றும் இருக்கிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? எந்தக் குழந்தைகளைப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தும், எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறுகிறது. தேடும் விதத்தில் தேடினால்தான் கிடைக்கும்.

மறு பக்கமும் உண்டு

எம்.ஆர்.ஐ.யைப் புகழ்ந்து விட்டேன். அதில் உள்ள தொல்லைகளையும் சொல்லி விடுகிறேன்.

படம் எடுக்க அரை மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். டமடம என்று சத்தம் கேட்கும். அசையாமல் படுக்க வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தூக்க மருந்தோ மயக்க மருந்தோ கொடுக்க வேண்டி வரலாம். வாய் சரியாகத் திறக்காத குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தனிக் கவனம் வேண்டும். அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நோய் இல்லாத குழந்தைகளின் மூட்டிலும் சிறிது நீரும், சிறிது வெளுப்பும் படத்தில் தெரிவது உண்டு. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் இதைக் கண்டுபிடித்தன. ஆகவே, வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் வியாதி அல்ல. குழந்தைகளின் மூட்டைப் பார்த்துப் பழகிய டாக்டர்தான் படத்தைப் படிக்க வேண்டும்.

"அப்படியானால் வாதம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் உடனே படம் எடுத்து விடலாமா?"

வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். முதலில் வாயைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அளந்து எழுத வேண்டும். அளவு குறைந்தால், மோவாய் ஒதுங்கினால், சந்தேகம் வந்தால், எக்ஸ்ரேயோடு நின்று விடாமல் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சந்தேகம் வந்த பிறகு தாமதம் கூடாது.

புதுவைக்கு என்ன குறை?

மருத்துவத்தில் புதுவை பின்தங்கிய ஊர் அல்ல. 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1954 நவம்பர் 1-ல் புதுவை நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-ல் அந்தப் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1964-ல் ஜிப்மர் ஆயிற்று. 2008-ல் நாட்டின் முக்கியக் கல்வி நிலையங்களில் ஒன்றாக உயர்ந்தது.

இன்று விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கத்து மக்களும் பஸ் ஏறி ஜிப்மருக்குத்தான் வருகிறார்கள். வாத வியாதிகளைப் பார்க்கும் தனிப் பிரிவு அங்கே இருக்கிறது. அதே கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

மூட்டைப் பார்க்கும் டாக்டர், பல்லைப் பார்க்கும் டாக்டர், குழந்தையைப் பார்க்கும் டாக்டர் எல்லோரும் ஒரே ஊரில்! வேறு பல ஊர்களுக்குக் கிடைக்காத பாக்கியம் இது.

ஆனால், தாடை மூட்டு யாருடைய பொறுப்பு? முழங்காலுக்கும் காதுக்கும் நடுவில், பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில், அது அநாதையாகி விடும் ஆபத்து எந்த ஊரிலும் உண்டு. பல் டாக்டர் பல்லைப் பார்ப்பார். மூட்டு டாக்டர் கை காலைப் பார்ப்பார். நடுவில் இருப்பதை யார் பார்ப்பது?

ஆகவே, நான்கு காரியங்கள் நடக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஒன்று: வாதம் உள்ள குழந்தையின் ஆஸ்பத்திரி நோட்டில், ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுத வேண்டும். "வாய் இத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது" என்பதே அந்த வரி. இதற்கு ஓர் அளவுகோல் போதும். செலவு இல்லை!

இரண்டு: மூட்டு டாக்டரும், பல் டாக்டரும், படம் பார்க்கும் டாக்டரும் மாதம் ஒரு நாளாவது ஒன்றாக உட்கார்ந்து இந்தக் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். பாகூரிலிருந்து கூலி வேலையை விட்டு விட்டு வரும் தாய், மூன்று கட்டடத்துக்கு மூன்று நாள் அலையக் கூடாது.

மூன்று: எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருக்கும் வரிசையில் இந்தக் குழந்தைகளுக்கு முன்னிடம் தர வேண்டும். அவசரமில்லாத பெரியவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். வளர்ச்சி பொறுக்காது. 10 வயதில் இழந்த வளர்ச்சியை 20 வயதில் திரும்பப் பெற முடியாது.

நான்கு: பள்ளிகளில் குழந்தைகளைப் பரிசோதிக்கும் திட்டம் 2013-லிருந்து நாடு முழுவதும் நடக்கிறது. அந்தப் பரிசோதனையில் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். "காலையில் எழுந்ததும் கை கால் விறைத்துக் கொள்கிறதா? வாயை நன்றாகத் திறக்க முடிகிறதா?" இதைக் கேட்க ஒரு நிமிடம் ஆகாது.

"பணம்?" என்று கேட்பார்கள். உண்மைதான், எம்.ஆர்.ஐ.க்குப் பணம் ஆகும். ஆனால் தாடை கோணிய பிறகு என்ன நடக்கும்? ஆண்டுக் கணக்கில் பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டும். எலும்பை அறுத்து நீட்ட வேண்டும். சிலருக்கு மூட்டையே மாற்ற வேண்டும். எது சிக்கனம்? நீங்களே சொல்லுங்கள்!

சிகிச்சை உண்டு

பயப்பட வேண்டாம். இது தீராத தலைவிதி அல்ல.

அமெரிக்க வாத நோய் டாக்டர்களின் கழகம், 2021-ல் வகுத்த வழிமுறையில் தாடை மூட்டு வாதத்துக்கென்று தனிப் பகுதியே வைத்தது. முதலில் வீக்கம் குறைக்கும் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்க்கலாம். அது போதாவிட்டால், வாதத்தையே அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் 'பயோலாஜிக்' என்ற புது வகை ஊசி மருந்துகள் உண்டு. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் ஒரு முறை. ஆனால் வளரும் குழந்தையின் தாடையில் அதை மிகவும் யோசித்துத்தான் போடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை! மெத்தோட்ரெக்சேட் மருந்தை இந்த வியாதிக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுக்க வேண்டும். தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் எழுதி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பெற்றோர்கள் செய்ய வேண்டியது

குழந்தைக்கு வாதம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா? மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

குழந்தையை எதிரே உட்கார வையுங்கள். வாயை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். மோவாய் நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் போகிறதா என்று பாருங்கள்.

குழந்தையின் சொந்த விரல்கள் மூன்றை, ஒன்றின் மேல் ஒன்றாக, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள். மூன்று விரல் நுழைகிறதா? போன மாதம் நுழைந்தது இந்த மாதம் நுழையவில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிறந்த நாளுக்குப் பிறந்த நாள், முகத்தை நேராக ஒரு படமும், பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். கையிலிருக்கும் போன் போதும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. படத்துக்குத் தெரியும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது கொலுசு, தோடு, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். பல்லில் கம்பி இருந்தால் சொல்லுங்கள். பெரிய சத்தம் கேட்கும், வலிக்காது என்று குழந்தைக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். மருந்து ஏற்றக் கையில் ஊசி குத்துவார்கள் என்பதையும் மறைக்காதீர்கள்.

கண்ணையும் மறக்காதீர்கள். இந்த வியாதி சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள்ளும் வீக்கம் உண்டாக்கும். பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. டாக்டர் சொன்ன தவணையில் கண் டாக்டரிடம் காட்டத் தவறாதீர்கள்.

இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று சும்மா இருந்து விடாதீர்கள். இரத்தம் சரியாக இருக்கும்போதே மூட்டு வீங்கி இருப்பது உண்டு.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பார்கள். இந்த வியாதி அப்படி அல்ல. அகத்தில் நடப்பது முகத்தில் தெரியப் பல ஆண்டு ஆகும். தெரியும் வரை காத்திருந்தால் காலம் கடந்து விடும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"டாக்டர், என் குழந்தையின் தாடையைப் பார்த்தீர்களா?"

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். அளவுகோலை எடுப்பார்!